பாதை காலி

மைத்துனனுக்கு அந்தப் பத்து நிமிடம் மட்டும் நினைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் மாட்டியது நினைவிருந்தது. பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்றுப் பிடித்தது நினைவிருந்தது. நெடுஞ்சாலையில் ஏறியதும் முகத்தில் சுள்ளென்று வெயில் அடித்ததுகூட நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் கூரைதான். நடுவில் இருந்ததை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போனதுபோலக் காணோம். தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஆவது உண்டு, திரும்பி வராமலே போகவும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார்.

அந்தப் பத்து நிமிடமும் ஒன்று விடாமல் நினைவிருந்தது அவன் அக்காவின் கணவருக்குத்தான்.

தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்துக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. இருபது வருடம் அதே நாற்காலி, அதே மேஜை விளக்கு. அப்படிப்பட்ட மனுஷர் நாற்பத்தொன்றாவது வயதில் ஒருநாள் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நூற்றைம்பது சிசிதான். ஆனால் பார்வைக்குப் பந்தயத்திலிருந்து நேரே வந்ததுபோல, முன்பக்கம் மூக்கு நீண்டு, பின்பக்கம் வால் தூக்கி, இரண்டு பக்கமும் பளபளவென்று பிளாஸ்டிக் கவசம் போட்டு நின்றது. பின்சீட் அவர் மனைவியின் இடுப்புக்கு மேலே இருந்தது. அவள் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"குதிரை நல்லாத்தான் இருக்கு. ஏணி வாங்க மறந்துட்டீங்களே" என்றாள்.

அவள் அதில் ஏறியது மொத்தமே இரண்டு முறை. இரண்டாவது முறை இறங்கும்போது சேலை மாட்டிக்கொண்டு, "இனிமே என்னைக் கூப்பிட்டீங்கன்னா பாருங்க" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனாள். அந்தப் பின்சீட்டுக்கு வந்து சேர்ந்தவன்தான் மைத்துனன். அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது. தலைக்குக் குளிப்பாட்டியதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது வரை எல்லாம் அவள்தான். இப்போது பேக்கரி ஒன்றில் கேக்குகளுக்கு க்ரீம் பூசி, அதன்மேல் பெயர் எழுதுகிற வேலை அவனுக்கு. காகிதக் கூம்பைக் கையில் பிடித்தானென்றால், எவ்வளவு நீளப் பெயராக இருந்தாலும் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதி முடிப்பான். கல்யாணம் வேண்டாம் என்று பேக்கரிக்கு மேலேயே ஒரு அறையில் இருந்தான். இரண்டு ஞாயிறு பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவன், மூன்றாவது ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் அதே வண்டியை நீல நிறத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"உங்க முதுகையே எத்தனை நாள் மாமா பார்த்துட்டு வர்றது?" என்றான்.

ஆனாலும் சாலையில் அவன் பார்த்தது அவர் முதுகைத்தான். எப்போதும் சிவப்பு முன்னால் போகும், நீலம் பின்னால் வரும். இருவருக்கும் அது பேச்சே இல்லாமல் அமைந்துபோன வழக்கம்.

சின்ன இன்ஜினை ஓட்டுவதில் ஒரு ருசி உண்டு. பெரிய வண்டிக்காரன் மணிக்கட்டைத் திருகினால் போதும், முன்னால் போகும் பஸ்ஸெல்லாம் பின்னால் போய்விடும். நூற்றைம்பது சிசிக்காரனுக்கு அது நடக்காது. முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மேடா, பள்ளமா, எதிர்க்காற்றா, எந்தக் கியரில் இருக்கிறோம், எங்கிருந்து வேகம் பிடித்து வர வேண்டும் என்று எல்லாம் பார்த்து, இருக்கிற கொஞ்ச பலத்தையும் சிந்தாமல் சிதறாமல் செலவழிக்க வேண்டும். ஒரு லாரியை முந்துவதென்றால் ஏழு விநாடி, எட்டு விநாடி ஆகும். அந்த எட்டு விநாடிக்காகத்தான் இருவரும் கைச்சைகை வைத்திருந்தார்கள். முதலில் கண்ணாடிக்காரர் முந்துவார். முந்தியதும் முன்னால் பார்ப்பார். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி இரண்டு முறை முன்னால் வீசினால், பாதை காலி, வா என்று பொருள். உள்ளங்கையை விரித்துக் கீழே அமுக்கினால், வராதே.

மூன்று வருடம் அந்தக் கை பொய் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னால் போனது சிமென்ட் குழாய் ஏற்றிய லாரி. கண்ணாடிக்காரர் ஒரு கியர் இறக்கி, இன்ஜின் கதறக் கதற அதை முந்தி, இடப்பக்கம் திரும்பி வந்தார். முன்னால் சாலை நூல் பிடித்ததுபோல நேராகக் கிடந்தது. எதிரே ஒரு வண்டி இல்லை. வலப்பக்கம் புதர்களுக்கு நடுவே கல் குவாரியிலிருந்து வருகிற ஒரு மண்பாதை. அந்தப் புதர்களுக்கு மேலே கொஞ்சம் புழுதி எழும்பியிருந்தது.

புழுதியை அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லை. காற்றாக இருக்கும் என்று ஒரு எண்ணம் ஓடி மறைந்தது. அதற்குள் கை மேலே போய்விட்டது. ஒரு வீச்சு, இரண்டு வீச்சு.

வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். லாரிக்குப் பின்னாலிருந்து நீல மூக்கு எட்டிப் பார்த்து வெளியே வந்தது. அப்போதுதான் புதருக்குள்ளிருந்து டிராக்டர் தலையை நீட்டியது. பின்னால் ஜல்லி நிரம்பிய டிரெய்லர். அது சாலையில் ஏறி, அவர்கள் வருகிற திசையைப் பார்த்துத் திரும்பியது. கண்ணாடிக்காரர் உள்ளங்கையை விரித்து அமுக்கினார், மறுபடியும் அமுக்கினார், வாய்விட்டுக் கத்தினார். மைத்துனன் அப்போது லாரியின் நடுப்பாகத்தில் இருந்தான். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. டிராக்டருக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த மண் ஓரத்தில் வண்டியை இறக்கினான். சறுக்கியது. வண்டி ஒரு பக்கம் போக, அவன் ஒரு பக்கம் போய், வலது தோள் மைல்கல்லில் மோதியது.

டிராக்டர்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். லாரி டிரைவர்தான் நிதானமாக இருந்தார். அவரும் கண்ணாடிக்காரருமாக மைத்துனனைத் தூக்கும்போது, தாழ்ந்த குரலில், "நீங்க கை காட்டினீங்களே" என்றார். குற்றம் சொல்லவில்லை. அவருக்கே புரியாததைக் கேட்பதுபோலத்தான் இருந்தது. பிறகு அந்த டிரைவர் குழாய்களை இறக்கப் போய்விட்டார். அவரை யாரும் தேடிப்போய் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மூச்சிரைக்க ஓடிவந்த மனைவி, "என்னங்க ஆச்சு?" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, "லாரியை முந்தப் போனான். குறுக்கே டிராக்டர் வந்துடுச்சு" என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மிச்சத்தை அவன் பிழைத்து எழட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அவன் பிழைத்து எழுந்தான். கழுத்துக்குப் பக்கத்தில், கைக்குப் போகிற நரம்புகள் வேரோடு பிய்ந்திருந்தன. வலது கை தோளிலிருந்து தொங்கியது. சூடு வைத்தாலும் தெரியாது. ஆனால் உணர்வே இல்லாத அந்த விரல்கள் தீயில் வைத்ததுபோல எரிகின்றன என்பான். ஆபரேஷன் செய்தார்கள். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

கண்ணைத் திறந்து இரண்டாம் நாள் அவன் கேட்ட முதல் விஷயம், "மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பதுதான்.

"இல்ல மாப்ள."

"நான்தான் அவசரப்பட்டுட்டேனா?"

கண்ணாடிக்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்து அவன் வாயருகே வைத்தார். அவன் குடித்தான். கேள்வி அப்படியே போய்விட்டது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டிய விஷயத்தின் மேல் ஒரு கல்லை வைத்துக்கொண்டே போயிற்று.

அவன் அக்கா தம்பிக்குச் செய்த பணிவிடைக்குக் குறைவில்லை. ஆனால் அவளுக்கு ஆற்றாமை வாய்வழியாகத்தான் வெளியே வரும். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போதும், சோற்றைப் பிசைந்து கொடுக்கும்போதும், "யாருடா உன்னை அவசரப்படச் சொன்னது? லாரி போயிட்டுப் போகுது, உனக்கென்ன வந்துச்சு? முன்னாடி போறவரு பொறுமையாத்தானே போறாரு, அவரைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்துவிடுவாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா, சரிக்கா" என்பான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற கண்ணாடிக்காரர் பக்கத்தைத் திருப்பாமலே உட்கார்ந்திருப்பார்.

பேக்கரி முதலாளி நல்லவர். அவனை வெளியே அனுப்பவில்லை. முன்பக்கம் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், வருகிறவர்களிடம் ஆர்டர் கேட்கிற இடத்தில் உட்கார வைத்தார். கேக்கில் எழுதுவதற்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவள் எழுத்து ஏறி இறங்கிப் போனது. ஒருநாள் கண்ணாடிக்காரர் உள்ளே போனபோது, மைத்துனன் அந்தப் பெண் எழுதிய கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். இடது கையால் பெட்டியை மூடி, நாடாவைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினான்.

நீல வண்டியைக் கண்ணாடிக்காரர் யாரும் கேட்காமலே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டிருந்தார். ஹேண்டில் வளைந்து, ஒரு பக்கக் கவசம் முழுக்க நொறுங்கியிருந்தது. கடை முடிந்ததும் தினமும் ஒரு நடை போய், பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பாகமும் மாட்டுவதைப் பார்ப்பார். அவன் இனி ஓட்டப்போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் பழையபடி ஆக்கி வைக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஒருநாள் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விழுந்தப்ப வண்டி எந்த கியர்ல இருந்துச்சு தெரியுமா சார்? ஆறு. ஆறாவது கியர்ல முந்த இதுக்கு மூச்சு ஏது? நாலுக்கு இறக்கியிருந்தா தாண்டியிருப்பாரு."

அன்று வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது கண்ணாடிக்காரருக்கு மனசு லேசானதுபோல இருந்தது. அப்படியென்றால் அவன் மேலும் தப்பு இருக்கிறது. முழுக்க என் கை இல்லை. தெருமுனை வரைதான் அந்த லேசு தாங்கியது. அவன் ஏன் கியரை இறக்கவில்லை? பாதை காலி என்று ஒருத்தர் கை காட்டிவிட்டாரே, அவசரம் என்ன என்றுதானே வந்திருப்பான். வீட்டு வாசலில் தன் சிவப்பு வண்டி உறை போட்டு நின்றதைப் பார்த்தார். விபத்து நடந்த நாளிலிருந்து அதை அவர் எடுக்கவே இல்லை.

வியாழக்கிழமைதோறும் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். கண்ணாடிக்காரர் அரைநாள் விடுப்புப் போட்டுக் கூடவே போவார். எட்டு மாதத்தில் ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. "இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பாரு" என்று அங்கே இருக்கிற நர்ஸ்கூடச் சொல்வாள். அவருக்கு அதைக் கேட்கும்போது உள்ளங்கால் கூசும்.

அப்படி ஒரு வியாழன். காத்திருக்கிற பெஞ்சில் பக்கத்தில் ஒரு ஆள். டெலிவரி வேலை செய்கிறவராம், வண்டியில் விழுந்து கையில் கட்டோடு வந்திருந்தார். மைத்துனனிடம், "உங்களுக்கு எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

மைத்துனன் சிரித்தான். "தப்பு முழுக்க என்னோடதுங்க. யாரையும் சொல்றதுக்கு இல்ல. முன்னாடி எங்க மாமா போனாரு, இதோ இவருதான். இவரு எல்லாத்தையும் பார்த்துத்தான் போவாரு. நான்தான் பொறுக்க முடியாம லாரியை முந்தி ஏறியிருக்கேன். எனக்கு நினைவில்ல, ஆனா என் புத்தி எனக்குத் தெரியாதா? இவரைத் தவிக்க விட்டதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. மூஞ்சியை எப்படிப் பார்க்கிறதுன்னு இருக்கும் சில நேரம்."

கண்ணாடிக்காரர் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போனார். சுவரில் இருந்த பல் விளக்கும் முறை பற்றிய படத்தைப் பார்த்துக்கொண்டு, பயிற்சி முடியும்வரை அங்கேயே நின்றார்.

வெளியே வந்ததும், ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் இருவரும் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மைத்துனன் இடது கையால் எடுத்து ஊதினான்.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாமா."

"நீ அவசரப்படல. நான்தான் கை காட்டினேன்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"லாரியைத் தாண்டிட்டுக் கையைத் தூக்கி வான்னு காட்டினேன். நீ வந்தே. வலப்பக்கம் புழுதி தெரிஞ்சுது மாப்ள. பார்த்தேன். காத்துன்னு நினைச்சுட்டேன்."

மைத்துனன் டீ டம்ளரை பெஞ்சில் வைத்தான். சிந்தாமல், மெதுவாக வைத்தான். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. கண்ணாடிக்காரர் அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"கை காட்டினது பெரிசில்ல மாமா" என்றான் கடைசியில். "நான் முன்னாடி போயிருந்தா நானும் அப்படித்தான் காட்டியிருப்பேன். யாருக்குத் தெரியும்? ஆனா எட்டு மாசம். தினமும் படுக்கும்போது என்னை நானே திட்டிக்கிட்டுப் படுக்கிறேன். கை எரியுற எரிச்சல்ல, உனக்கு வேணும்டா, நல்லா வேணும்னு சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே மாமா. ஆஸ்பத்திரியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கை போச்சுன்னு மட்டும் அழுதிருப்பேனே."

கண்ணாடிக்காரர், "பயமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

"எனக்கும் இருந்துச்சு" என்றான் அவன். எழுந்தான். அடுத்த பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே மனைவியிடமும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும், மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் இல்லை. அது வந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"நான் அவனை அத்தனை பேச்சுப் பேசினேனே. நீங்க இங்கதானே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"ஆமா."

"ஒரு தடவை நிறுத்துடின்னு சொல்லியிருக்கலாம்ல? காரணம் சொல்ல வேண்டாம். நிறுத்துன்னு மட்டும்."

அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் வீங்கியிருந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இருந்தது. தண்ணி வந்துடுச்சு, கேஸ் தீர்ந்துடுச்சு, கதவைச் சாத்துங்க. அவ்வளவுதான். ஏணி, குதிரை என்கிற மாதிரிப் பேச்செல்லாம் நின்றுபோயிற்று.

வியாழக்கிழமைகளில் மைத்துனன் தனியாகவே பஸ்ஸில் போனான்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் அவனே போன் பண்ணினான். நீல வண்டியை வாங்க ஆள் வருகிறது, ஓட்டிக் காட்ட ஒருத்தர் வேண்டும், வர முடியுமா என்றான். கண்ணாடிக்காரர் பின்னறை விளக்கை அணைக்கக்கூட மறந்து ஓடினார்.

வாங்க வந்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர். முப்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து, புதிதாக மாட்டியிருந்த கவசத்தைத் தடவிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் மட்டும் பெயின்ட் புதுசா இருக்கே. அடிபட்ட வண்டியா?"

கண்ணாடிக்காரர் பேச வாயெடுத்தார். மைத்துனன் முந்திக்கொண்டான்.

"ஆமாங்க. லாரியை முந்துறப்ப டிராக்டர் வந்துடுச்சு. முன்னாடி போனவரு வரலாம்னு கை காட்டினாரு. நான் கியரை இறக்காம ஆறுலயே வந்துட்டேன்னு மெக்கானிக் சொன்னாரு. ரெண்டு பேரும் தப்பாப் பார்த்துட்டோம்."

டீச்சர் தொங்குகிற அவன் கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள். முன்னால் போனவர் யார் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் வண்டியைக் கிளப்பி, தெருக்கோடி வரை ஓட்டிக் காட்டிவிட்டு வந்தார். அப்புறம் டீச்சர் ஓட்டிப் பார்த்தாள். பிடித்திருந்தது. எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் கிளம்பும்போது மைத்துனன் கிட்டே போய், "ஆறாவது கியர்ல எதையும் முந்தாதீங்க. யாரு கை காட்டினாலும் நீங்களும் ஒரு தடவை பார்த்துக்குங்க" என்றான். அதை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் கண்ணாடிக்காரருக்கு இன்னும் வலித்தது.

நீல வண்டி திருப்பத்தில் மறைந்தது. சத்தம் கேட்கிற வரை இருவரும் நின்றார்கள்.

"வியாழக்கிழமை நான் வரட்டுமா மாப்ள?"

அவன் யோசித்தான். "வேண்டாம் மாமா. தனியாப் போய்ப் பழகிட்டேன்." பிறகு, ஏதோ விட்டுப்போனதைச் சேர்ப்பதுபோல, "கோபம் இல்ல. ஆனா உங்க பக்கத்துல உட்கார்ந்தா பேச்சு வர மாட்டேங்குது. வரட்டும். வந்தப்புறம் பார்க்கலாம்" என்றான்.

வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "என்ன சொன்னான்?" என்றாள் திரும்பாமலே.

"வியாழக்கிழமை வர வேண்டாம்னான்."

அவள் தண்ணீரை வடித்தாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். சரின்னிருக்கான்."

அவர் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் வேணா அன்னிக்குக் கடைப்பக்கம் போயிடட்டுமா?"

"எதுக்கு? இருங்க. எங்க போகப் போறீங்க?" என்றாள். அந்தக் குரலில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். வழக்கமாக உட்காருகிற, கண்ணாடிக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல், எதிரே உட்கார்ந்தான். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். அக்கா இன்னும் கொஞ்சம் போட வந்தபோது போதும் என்றான். மழை வரும்போல இருக்கிறது என்று ஒருமுறை கண்ணாடிக்காரர் சொன்னார். ஆமாம் என்று அவன் சொன்னான். மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தார்கள்.